பதினேழாம் பக்கத்தில் ஒரு பிழை

உங்கள் விசாரணை அறிக்கை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. முகத்துக்கு நேராகப் புகழ வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட அறிக்கைகளில் வழக்கமாக இருக்கும் வளவளப்பு இதில் இல்லை. நேரம், தூரம், உயரம் எல்லாம் சரியாக இருக்கின்றன. பதினேழாம் பக்கத்தில், மேலிருந்து நான்காவது வரியில் மட்டும் ஒரு பிழை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். தபாலில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் பரீட்சைத் தாள் திருத்தியவளுக்குப் பிழையை நேரில் சுட்டிக்காட்டினால்தான் திருப்தி.

தேநீர் வேண்டாம், தண்ணீர் போதும். அந்த அம்மா தட்டச்சு செய்துகொண்டே இருக்கட்டும். எனக்கு அந்தச் சத்தம் இடைஞ்சல் இல்லை.

அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன். முன்கதை தெரியாமல் திருத்தினால் உங்களுக்கு அது ஏதோ வீம்பு மாதிரித் தோன்றும்.

நான் மலை மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறவள். ஏற்கெனவே டாக்டராகவோ நர்ஸாகவோ ஆம்புலன்ஸ் ஊழியராகவோ இருப்பவர்களுக்கான ஒரு வருட மேற்படிப்பு அது. உயரத்தில் காற்று மெலியும்போது நுரையீரலில் எப்படி நீர் கோக்கும், மூளை எப்படி வீங்கும், விறைத்துப்போன விரலை எப்படிக் காப்பாற்றுவது, அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கயிறு கட்டி எப்படி இறக்குவது, இதெல்லாம்தான் பாடம். பத்து மாதம் நகரத்து ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் வகுப்பு. பிறகு மலைமேல், நாலாயிரத்து முந்நூறு மீட்டரில் இருக்கும் எங்கள் முகாமில் மூன்று வாரம். கல் சுவர், தகரக் கூரை, மூன்று அறை, ஒரு கணப்பு. இறுதித் தேர்வு அங்கேதான். பதினோரு வருடமாக அந்தப் படிப்புக்கு நான் தலைவி.

தேர்வுக்கு ஒரு நோயாளி வேண்டும். நிஜ நோயாளி நாம் கேட்ட தேதிக்கு வந்து படுப்பானா. அதனால் நடிப்பதற்கு ஆள் வைத்திருந்தோம். என் தங்கையின் கணவர்தான் அந்த ஆள்.

அவருக்கு நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. இளவயதில் மேடை நாடகங்களில் நடித்தவர். நடித்தவர் என்றால், மூன்று நாடகங்களில் பிணமாகப் படுத்திருந்தவர். "பிணமா நடிக்கிறதுதான் இருக்கிறதுலயே கஷ்டம் அக்கா. வசனம் மறந்துட்டா எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். மூக்கு அரிச்சா என்ன பண்றது?" என்பார். முதல் வருடம் நான் விளையாட்டாகக் கேட்டேன், வந்தார். அதன் பிறகு ஒரு வருடம்கூடத் தவறவில்லை. முகாமில் எல்லோரும் அவரை "நோயாளி" என்றே கூப்பிடுவார்கள். நோயாளி சாப்பிட்டாச்சா, நோயாளி குளிர் தாங்குதா, நோயாளி ஒரு பாட்டுப் பாடுங்க. கல்லை விழுங்கினாலும் செரிக்கிற உடம்பு அவருக்கு. அந்தப் பெயரில் அவருக்கு ஏகப் பெருமை.

ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. நோயாளியாக நடிப்பவர் "விடுங்க, வலிக்குது, நிறுத்துங்க" என்றெல்லாம் கத்துவார், அது நடிப்பில் சேர்த்தி. நிஜமாகவே நிறுத்த வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு சொல். எந்த நோயாளியும் வாய்தவறிக்கூடச் சொல்லாத சொல்லாக இருக்க வேண்டும் என்றேன். மாப்பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல் "கத்தரிக்காய்" என்றார். அதுவே நிலைத்துவிட்டது. அந்தச் சொல் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். அது காதில் விழுந்த நொடியில் தேர்வு நிற்கும். அவர் சொல்லாவிட்டாலும் நிறுத்துகிற அதிகாரம் உள்ள இன்னொரு ஆள் நான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு முகாமில் அவருக்கு இருமல் வந்தது. மூச்சும் வாங்கியது. நான் அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினேன். மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டார். என் தங்கை போனில் அழுதாள். "நீ இருக்கிற தைரியத்துலதான் அக்கா அவரை அங்க அனுப்புறேன்" என்றாள். அது உண்மைதான். என்னைவிட நன்றாக அந்த நோயைத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது.

அடுத்த வருடம் என் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அந்தப் படிப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவர். ஒரு மலையேற்றக் குழுவுக்கு டாக்டராகப் போயிருந்தார். அங்கே இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனாள். இவர் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தார்.

"உங்க நோயாளி முனகுவார் டாக்டர். கண்ணை உருட்டுவார். கையைக் காலை உதைப்பார். அந்தப் பொண்ணு ஒண்ணுமே பண்ணல. 'கொஞ்சம் களைப்பா இருக்கு, தூங்கினா சரியாயிடும்'னு சிரிச்சா. நான் நம்பிட்டேன்" என்றார்.

என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அதைச் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எழுந்து போகும்போது நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அன்று முதல் எனக்கு அந்த யோசனை. யோசனை என்ற சொல்லையே எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, சதி என்று யாராவது மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டாம். பத்து வருடமாக நான் சொல்லிக்கொடுத்தது நோயை அல்ல, என் மாப்பிள்ளையின் நடிப்பை. நீச்சலைத் தரையில் படுக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தது மாதிரி. இதைக் கண்டுபிடித்த பிறகும் வாயை மூடிக்கொண்டு அதே நாடகத்தைத் தொடர்ந்து நடத்துபவர்தான் குற்றவாளி என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

இந்த வருடம் ஒன்பது பேர். ஐந்து டாக்டர்கள், மூன்று ஆம்புலன்ஸ் ஊழியர்கள், ஒரு நர்ஸ். நர்ஸுக்கு முகாமில் "தையல் சிஸ்டர்" என்று பெயர். அவசரப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தவர், காயத்துக்குத் தையல் போடுவதில் டாக்டர்களுக்கே வகுப்பு எடுப்பார். வகுப்பில் அதிகம் பேசமாட்டார். டாக்டர்களில் மூத்தவர் ஓர் எலும்பு டாக்டர். நல்ல கை, கொஞ்சம் தலைக்கனம். தேர்வுக் குழுவுக்கு அவரைத்தான் தலைவராகப் போட்டேன்.

வழக்கமாக மாப்பிள்ளை மாணவர்களோடு சேர்ந்து நடந்தே மேலே வருவார். ஒன்பது நாள் ஏற்றம், நடுவில் இரண்டு நாள் ஓய்வு. உடம்பு உயரத்துக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். மூவாயிரம் மீட்டருக்கு மேல், நேற்றுப் படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. எங்கள் பாடநூலில் அந்த அத்தியாயத்தை எழுதியவள் நான். இந்தத் தடவை அவரால் எங்களோடு கிளம்ப முடியவில்லை. என் தங்கைக்குப் பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சை. "இந்த வருஷம் என்னை விட்டுடுங்க அக்கா, வேற யாரையாவது படுக்க வைங்க" என்றார்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது முகாமிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாளாம், எழுந்து நடக்கிறாளாம்.

"அப்ப வந்துடுங்க மாப்பிள்ளை. நீங்க இல்லாம களை கட்டல."

"இப்ப கிளம்பினா எப்படி அக்கா? ஒன்பது நாள் ஆகுமே."

"பழைய சுரங்கத்துக்குப் போட்ட ரோட்டுல ஜீப் வருது. ஒரே நாள்தான். நான் இருக்கேன்ல."

வந்துவிட்டார். அறுநூறு மீட்டரில் காலை உணவு, நாலாயிரத்து முந்நூறில் இரவு உணவு. வரும்போது எல்லோருக்கும் கண்ணாடி துடைக்கும் துணி ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

உங்கள் அறிக்கையில் இதை "நேரமின்மையால் எடுக்கப்பட்ட தவறான முடிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். நேரம் இருந்தது. நகரத்திலேயே இரண்டு நாடகக் குழுக்கள் இருக்கின்றன, ஒரு வாரம் முன்பு சொல்லியிருந்தால் ஆள் அனுப்பியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. இதோ இந்தத் தாளைப் பாருங்கள். இரண்டு வருடம் முன்பு அவருக்கு வந்த இருமலைப் பற்றி நானே எழுதிய குறிப்பு. ஒரு தடவை நுரையீரலில் நீர் கோத்தவருக்கு, வேகமாக ஏறினால் மறுபடியும் கோக்க வாய்ப்பு மிக அதிகம், இனி இவரை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்று கடைசி வரியில் இருக்கிறது. இது அவருடைய கோப்பில் இருந்தது. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே எடுத்து என் இழுப்பறையில் வைத்துவிட்டேன். உங்கள் குழு கோப்பைத்தான் பார்த்தது, இழுப்பறையைப் பார்க்கவில்லை.

தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டதே. எழுதுங்கள் அம்மா.

முதல் நாள் தலைவலி என்றார். இரண்டாம் நாள் இருமல். மூன்றாம் நாள்தான் தேர்வு. காலை ஏழு மணிக்கு அவரைத் தனியாக மருந்து அறைக்குக் கூப்பிட்டு முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன்.

"ராத்திரி பூரா உட்கார்ந்தே இருந்தேன் அக்கா. படுத்தா மூச்சு முட்டுது."

காதருகே ஒரு கற்றைத் தலைமுடியை விரலிடுக்கில் தேய்த்தால் ஒரு சத்தம் வரும். நீர் கோத்த நுரையீரல் அப்படித்தான் ஒலிக்கும். வலது பக்கம் கீழே தெளிவாகக் கேட்டது, இடது பக்கம் லேசாக. விரலில் ஆக்ஸிமீட்டர் அறுபத்தெட்டு காட்டியது. அந்த உயரத்தில் எண்பத்தைந்து இருக்க வேண்டும்.

"என்ன அக்கா, பயப்படுற மாதிரியா?"

"சளிதான் மாப்பிள்ளை. வெயில் வந்தா சரியாயிடும்."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார், நான் சரி செய்துவிட்டேன்.

தேர்வு நடக்கும் இடம் முகாமிலிருந்து நூற்றைம்பது மீட்டர் மேலே, ஒரு பாறைச் சரிவு. அரை மணி நேர ஏற்றம். அன்று அவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நான் கூடவே நடந்தேன். பத்து அடிக்கு ஒரு தடவை கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வளைவில் என்னைப் பார்த்துச் சிரித்து, "இந்தத் தடவை நடிக்க வேண்டிய வேலையே இல்ல போலிருக்கே டாக்டரக்கா" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கு அப்படி ஒரு நாக்கு.

குழுவிடம் கொடுத்த அட்டையை நான்தான் எழுதினேன். பாறையில் வழுக்கி விழுந்தவர், வலது கால் முறிவு, நினைவு இருக்கிறது. அவ்வளவுதான். நுரையீரல் என்று எழுதிக்கொடுத்தால் யார்தான் நுரையீரலைப் பார்க்க மாட்டார்கள். அட்டையைத் தாண்டிப் பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் தேர்வு.

பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தொடங்கினோம். நான் கொஞ்சம் மேலே ஒரு பாறையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தேன். நிஜமான ஆக்ஸிஜனும் மருந்தும் உள்ள சிவப்புப் பை சீல் வைத்து என் காலடியில் இருந்தது. எலும்பு டாக்டர் நேராகக் காலுக்குப் போனார். துணியை வெட்டினார், விரலைத் தொட்டுப் பார்த்தார், கட்டைகளை வைத்துக் கட்டினார். அழகான வேலை. பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு பேர் கயிறு தயார் செய்தார்கள். தலைமாட்டில் தையல் சிஸ்டர்.

"நாடித் துடிப்பு நூத்தி முப்பத்திரண்டு. மூச்சு நாப்பது" என்றார் அவர்.

"ஏறி வந்த களைப்பு" என்றார் எலும்பு டாக்டர்.

எங்கள் தேர்வில் ஒரு விதி உண்டு. கருவி காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது, தேர்வாளர் சொல்லும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நடிக்கும் ஆளுக்கு நிஜ எண்கள் ஒத்துவராது என்பதால் வைத்த விதி. ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கேட்டார்கள். எண்பத்தாறு என்றேன்.

"என்னோடதுல ஐம்பத்துநாலு காட்டுது டாக்டர்" என்றார் தையல் சிஸ்டர்.

"விரல் குளிர்ந்திருக்கும். தேய்ச்சுப் பாருங்க."

தேய்த்தார். ஐம்பத்தொன்று. அதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. கருவியைத் திருப்பி என் பக்கம் காட்டினார். எனக்கு நன்றாகவே தெரிந்தது.

பத்து நாற்பதுக்கு மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். தலையைத் திருப்பி என்னைத் தேடிப் பிடித்தார். உதடு நீலமாக இருந்தது.

"வெண்டைக்காய்" என்றார்.

மயக்க மருந்து டாக்டர் ஒருவர் குழுவில் இருந்தார், அவர்தான் முதலில் சிரித்தார். மாப்பிள்ளை இல்லை என்பது போலத் தலையை அசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சுரைக்காய்" என்றார். "நோயாளி காய்கறி வாங்கப் போயிட்டார்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வந்த மூன்று நாளில் அவர் எதைச் சொன்னாலும் சிரிக்கிற அளவுக்கு எல்லோரையும் பழக்கி வைத்திருந்தார். அவர் மறுபடி தலையை அசைத்தார். வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் நாக்கில் வராமல் தவிக்கிற மாணவனின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூளையும் வீங்கத் தொடங்கிவிட்டது என்று புரிந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

தையல் சிஸ்டர் எழுந்து நின்றார்.

"அவர் ஜோக் அடிக்கல டாக்டர். அந்த வார்த்தையைத் தேடுறார்."

"வார்த்தை வந்துச்சா சிஸ்டர்?"

"வரல. அதான் சொல்றேன். அது ஞாபகம் வராத அளவுக்கு அவருக்கு..."

"வரலைன்னா தேர்வு நடக்குது. உட்காருங்க."

இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கேட்கிறீர்கள். ஒருவர் கண்டுபிடித்துவிட்டாரே, அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று. நீங்கள் வகுப்பு எடுத்தவர் அல்ல, அதனால் சொல்கிறேன். முன்வரிசையில் இருக்கும் ஒரு பெண் டக்கென்று பதிலைச் சொல்லிவிட்டால் மற்ற எட்டுப் பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெண்ணைக் கொஞ்சம் அடக்கி உட்காரவைத்துவிட்டுத்தான் மற்றவர்களிடமிருந்து பதிலை வரவழைக்க வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்பது பேரும் பார்ப்பது. முக்கியமாக, தலைவர் பார்ப்பது. அவர் இன்னும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல் சிஸ்டர் அவரிடம் போய்க் கேட்டார். "எக்ஸாமினர் சொல்றதைக் கேளுங்க சிஸ்டர், எல்லாருக்கும் மார்க் போயிடும்" என்றார் அவர். சிஸ்டர் மறுபடி என்னிடம் வந்து கேட்டார். உட்காரச் சொன்னேன். திரும்பிப் போய் மாப்பிள்ளையின் தலையைத் தன் மடியில் உயர்த்தி வைத்துக்கொண்டார், அப்போதுதான் மூச்சு கொஞ்சம் சுலபமாக வரும். மாப்பிள்ளை இருமினார். சிஸ்டரின் கையுறையில் இளஞ்சிவப்பாக நுரை. அதை அவர் எல்லோருக்கும் கையைத் தூக்கிக் காட்டினார். எட்டுப் பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன்.

பதினொன்று எட்டுக்குத் தையல் சிஸ்டர் மேலே ஏறி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் காலைக் கையால் நகர்த்திவிட்டுச் சிவப்புப் பையை எடுத்தார்.

"சீல் உடைச்சா உங்க தேர்வு முடிஞ்சுது" என்றேன்.

"மார்க்கை நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். முகமூடி மாட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள். எலும்பு டாக்டர் அழுதுகொண்டே தூக்கினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். முகாமைத் தாண்டி இருநூறு மீட்டர் இறங்கியபோது, பன்னிரண்டு ஐம்பதுக்கு, ஓடைப் பக்கத்தில் மூச்சு நின்றது. முக்கால் மணி நேரம் நெஞ்சை அழுத்தினோம். கடைசிப் பத்து நிமிடம் அழுத்தியது நான். நேரத்தை அறிவித்ததும் நான்தான்.

சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தேன். அதற்குள் அவர்கள் கண்டுபிடிப்பார்கள், இறக்கிவிடலாம், இரண்டு வருடம் முன்பு போல மறுநாள் ரொட்டி கேட்பார் என்று நினைத்தேன். நாற்பதாவது நிமிடத்தில் தலைவர் கண்டுபிடிக்கவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். பரீட்சை மண்டபத்தில் மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தாளை வெடுக்கென்று பிடுங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

வேறு ஆளை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று கேட்பீர்கள். முன்பின் தெரியாதவரின் உடம்பை எந்த உரிமையில் எடுப்பது. வீட்டு மனிதரிடம்தானே உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். கேட்டிருந்தால் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். தெரிந்தால் நடிப்பார் என்பதால் கேட்கவில்லை.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். வயிற்றில் தையல் பிரிக்கவில்லை, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ முன்பே சொல்லிவிட்டார்கள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துல இருந்தியா அக்கா?"

"இருந்தேன்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

"அது போதும். வேற டாக்டர் யாராவது இருந்திருந்தா, இவங்களுக்கு என்ன தெரியும்னு நெனச்சு நெனச்சே செத்திருப்பேன்."

நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நான்கு மாதம் ஆகிறது. போன மாதம் எலும்பு டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் இருக்கும் மலை ஊரில் ஒரு சுமைதூக்கி கால் சுளுக்கு என்று வந்திருக்கிறான். இவர் காலைத் தொடவே இல்லையாம். முதலில் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருக்கிறார். அந்தச் சத்தம். ஒரு மணி நேரத்தில் ஆளைக் கீழே அனுப்பிவிட்டார், பிழைத்துக்கொண்டான். அந்தக் கடிதத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். இனி அந்த ஒன்பது பேர் கண்ணுக்கு எதிரே எந்த மலையிலும் ஒருவன் சிரித்துக்கொண்டே செத்துப்போக மாட்டான். பத்து வருட நாடகம் செய்யாததை ஒரே ஒரு காலைப்பொழுது செய்திருக்கிறது. என்னைத் தூக்கில் போட்டாலும் அது பொய்யாகிவிடாது.

இப்போது அந்த வரிக்கு வரலாம். பதினேழாம் பக்கம், நான்காவது வரி. "தலைமை மருத்துவர் நோயின் அறிகுறிகளை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டார்." இரக்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. சொந்தக்காரர் இறந்த துக்கம், வயது, களைப்பு என்று அடுத்த வரிகளில் எனக்காகக் காரணமும் தேடியிருக்கிறீர்கள். ஓய்வு கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பரிந்துரை.

நான் எதையும் கவனிக்கத் தவறவில்லை. ஏழு மணிக்கு முதுகில் கேட்டது முதல் பன்னிரண்டு ஐம்பது வரை ஒவ்வொரு அறிகுறியும் நேரத்தோடு என் தாளில் இருக்கிறது. இருபத்தெட்டு வருடத்தில் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்த நோயாளி வேறு யாரும் இல்லை. அவரை வரவழைத்தது நான், குறிப்பை எடுத்து மறைத்தது நான், எண்ணை மாற்றிச் சொன்னது நான், ஐம்பத்தெட்டு நிமிடம் பையை என் காலடியில் வைத்திருந்தது நான். கொன்றது நான் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். கவனிக்கவில்லை என்று எழுதினால் மட்டும் போட மாட்டேன்.

அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இந்த இன்னொரு காகிதத்தை ஏன் என் பக்கம் நகர்த்துகிறீர்கள். ஓ, தையல் சிஸ்டரின் மேல்முறையீடா. தெரியும். இறுதித் தேர்வில் தேர்ச்சி பெறாதவர் ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான். முடிவை மாற்றித் தேர்ச்சி கொடுக்கலாம் என்று உங்கள் குழு பரிந்துரைத்திருக்கிறது, தேர்வாளர் கையெழுத்து வேண்டும். மன்னிக்க வேண்டும், அதை என்னால் செய்ய முடியாது. எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் மதிப்பெண் தாள் என்று ஒன்று இருக்கிறதே. தலைவர் சொன்னதைக் கேட்கவில்லை, தேர்வாளர் சொன்ன எண்ணை ஏற்கவில்லை, சீலை உடைத்தார். அதையெல்லாம்கூட விட்டுவிடுகிறேன். கால் முறிவுக்கு மட்டும் நாற்பது மதிப்பெண். மற்ற எட்டுப் பேரும் கட்டை வைத்துக் கட்டினார்கள். தையல் சிஸ்டர் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அந்தக் காலை ஒரு தடவைகூடத் தொடவில்லை.